நான் ஒதுக்கிய மேசை

நூருல் இனாயாவைப் பற்றி எழுதத் தகுதியான ஆள் நான் இல்லை. அவளுடைய மேசைக்கு நான் செய்ததை அறிந்தவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். அறிந்தவர்கள் மொத்தம் மூன்று பேர். ஒருத்தி இனாயா, ஒருத்தி அவளுடைய மகள் ஸனா, மூன்றாவது நான். மற்ற இருவரும் எழுதப்போவதில்லை என்பதால் நான் எழுதுகிறேன்.

என் பெயர் பரிமளம். குடியேறி வந்த இந்த நாட்டில், மோர்னிங்சைட் என்கிற பகுதியில், பழைய அடுக்குமாடி ஒன்றில் ஒன்பதாம் மாடி, 905. இனாயா 904. எங்களுக்கு நடுவில் ஒரு சுவர். அதுவும் நல்ல சுவரில்லை, அந்தப் பக்கம் தும்மினால் இந்தப் பக்கம் கேட்கும். அவள் ஏறாவூர், நான் மட்டக்களப்பு. ஊரிலேயே இருந்திருந்தால் ஒருவரையொருவர் பார்த்திருக்கவே மாட்டோம். இங்கே பதினொரு வருஷமாக ஒரே எலிவேற்றரில் ஏறி இறங்குகிறோம்.

முதலில் என் தொழிலைச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் நான் செய்தது விளங்காது. முதியோர் இல்லம் ஒன்றில் பதினெட்டு வருஷமாகத் துப்புரவு வேலை செய்கிறேன். அங்கே ஒருவர் இறந்தால் மறுநாளுக்குள் அறை காலியாக வேண்டும், அடுத்தவர் காத்துக்கொண்டிருப்பார். அறையை ஒதுக்குவது, அதாவது காலிசெய்து துப்புரவாக்குவது, என் பொறுப்பு. முதலில் உடுப்பு, பிறகு படங்களும் கடதாசிகளும், கடைசியில் மிச்ச சாமான். எல்லாவற்றையும் உள்ளே இருப்பது தெரிகிற பிளாஸ்டிக் பைகளில் போட்டு, பெயரும் அறை எண்ணும் எழுதி ஒட்டி, சுவரோரமாக அடுக்கிவிடுவேன். ஓர் அறைக்கு நாற்பது நிமிடம். தொடக்கத்தில் இரண்டு மூன்று அறைகளில் அழுதிருக்கிறேன். பிறகு அது நின்றுபோனது, எப்போது நின்றது என்று ஞாபகமில்லை. கை தன்பாட்டில் வேலை செய்யும், நான் மத்தியானத்துக்கு என்ன கறி என்று யோசித்துக்கொண்டிருப்பேன்.

இனாயாவும் வேலையிடத்தில் ஒழுங்கான ஆள்தான். மார்க்கம் என்கிற பக்கத்து நகரத்தில் சீருடை தைக்கிற இடமொன்றில் நூல் வெட்டுவது அவள் வேலை. தைத்து வருகிற காற்சட்டைகளில் தொங்குகிற நூலையெல்லாம் சின்னக் கத்தரிக்கோலால் நறுக்கி, மடித்து, அளவுவாரியாக அடுக்க வேண்டும். அவளுடைய காலடியில் ஒரு நூல்கூடக் கிடக்காது என்று மேற்பார்வையாளர் மற்றவர்களுக்குச் சொல்லிக்காட்டுவாராம். அந்தக் கெட்டிக்காரத்தனத்தை முழுவதுமாக வேலையிலேயே விட்டுவிட்டு வீட்டுக்கு வருவாள்.

வீட்டில் அவள் கத்தரிக்கோலைத் தொடுவதில்லை. கையால் கிழிப்பாள். வாராவாரம் லொபியில் கட்டுக்கட்டாக வந்து விழுகிற கடைப் பிளையர்களை, அந்த விளம்பரத் தாள்களைத்தான் கிழிப்பாள். மாம்பழத்தின் மஞ்சள், இறைச்சியின் சிவப்பு, சவர்க்காரப் பெட்டியின் நீலம். கிழித்த துண்டுகளை ஐஸ்கிரீம் வாளி, சப்பாத்துப் பெட்டி, சோறு சமைக்கிற குக்கர் வந்த பெட்டி என்று கைக்கு அகப்பட்டதிலெல்லாம் போடுவாள். நிறைந்தால் சோபாவுக்கு அடியில் தள்ளுவாள். அவள் வீட்டுக்குப் போய்வந்தால் என் பாதத்தில் ஒரு கோழிக்காலின் விலை ஒட்டிக்கொண்டிருக்கும்.

அந்தத் துண்டுகளை வைத்துத்தான் படம் செய்வாள். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஸனாவின் பள்ளிக்கூடத்தில் கடதாசிப் படமொன்று செய்துகொண்டு வரச் சொன்னார்களாம். மகளுக்கு உதவி செய்யப் போனவள் அதை விடவேயில்லை. மகளுக்குக் கிடைத்தது வெறும் பி கிரேட். தாய்க்குக் கிடைத்தது இந்தப் பைத்தியம். உயிருள்ளவற்றின் உருவத்தை அவள் வைப்பதில்லை, அது அவர்களுடைய மார்க்கம். அதனால் கட்டிடங்களாகச் செய்வாள். பல்கனிகள், அவற்றில் காய்கிற போர்வை, பழைய சைக்கிள், சாய்த்துவைத்த மெத்தை, பூச்சட்டி. ஆட்களே இல்லையே என்று கேட்டதற்கு, "ஆக்கள் உள்ளுக்கு இரிக்கிறாங்க பரிமளக்கா," என்றாள். உண்மையாகவே படத்தைப் பார்த்தால் உள்ளே யாரோ பாத்திரம் கழுவுகிற மாதிரித்தான் இருக்கும்.

ஆறு பேர் இருந்து சாப்பிடுகிற மேசையை இதற்கென்று எடுத்துக்கொண்டாள். அவர்கள் குடும்பமாகப் பாய் விரித்துக் கீழே இருந்து சாப்பிட்டார்கள். மேசையில் பெரிய வெள்ளை மட்டையை விரித்து, அதன்மேல் துண்டுகளை வைப்பாள், நகர்த்துவாள், எடுப்பாள். கடைசிவரை ஒட்டமாட்டாள். ஒட்டினால் முடிஞ்சி என்பாள். கடைசியாகச் செய்துகொண்டிருந்த படம் எங்கள் கட்டிடம், கார் நிறுத்துகிற இடத்திலிருந்து பார்த்தால் தெரிகிற பக்கம். மாடி மாடியாக, பல்கனி பல்கனியாக, இரண்டு வருஷம் அந்த மேசையில் ஒட்டாமலே கிடந்தது.

அவளுடைய கணவர் அஹமது நானாவை எனக்குப் பிடிக்கும். பண்டகசாலையில் வேலை. சாமான் எடுத்துக்கொடுக்கிறவர். பேனாவைச் சட்டைப் பையில் எந்தப் பக்கம் குத்தினாரோ அந்தப் பக்கம்தான் எப்போதும் குத்துவார். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அவருடைய சத்தம் அடிக்கடி கேட்கும். "வெச்ச இடத்துல வெக்கத் தெரியாதா உனக்கு? நேத்து இங்க இரிந்தது இண்டைக்கு எங்க?" அப்போதெல்லாம் நான் இந்தப் பக்கமிருந்து அவருக்காகத் தலையாட்டுவேன். பாவம் மனிதன், இந்தக் குப்பைக்குள் எப்படித்தான் சீவிக்கிறாரோ என்று நினைப்பேன்.

ஜனவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை வேலைக்குப் போகச் சப்பாத்துக் கட்டக் குனிந்தவர் நிமிரவில்லை. அறுபத்தொரு வயது. நான் பிந்திய ஷிப்ட் என்பதால் வீட்டில் இருந்தேன். அம்புலன்ஸ் வந்ததும் இனாயா பின்னால் ஏறிப்போனதும் தெரியும். பத்து மணிக்கு, விட்பி நகரத்தில் இருக்கிற ஸனா போன் பண்ணினாள். ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருக்கிறாளாம், ஆனால் எல்லாம் முடிந்துவிட்டதாம்.

"அன்ரி, உங்களிட்ட கீ இருக்குத்தானே? பின்னேரம் ஆக்கள் வரப்போறாங்க. உம்மாட சாமானைக் கொஞ்சம் ஒதுக்கிவிடுவீங்களா? பிளீஸ். லிவிங் ரூம்ல நிக்கக்கூட இடமில்ல."

வேலைக்கு லீவு சொல்லிவிட்டு, கையுறையும் பையுமாகப் போனேன். ஐந்து மணித்தியாலம் அந்த வீடு என் கையில் இருந்தது.

அந்த மேசையில் இருந்தது படம் என்று எனக்குத் தெரியாது என்று சொன்னால் அது பொய். தெரியும். ஆனால் தெரிந்தது கைக்குப் போய்ச் சேரவில்லை. பதினொரு வருஷமாக அந்த மேசையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கை துறுதுறுக்கும். அன்றைக்குக் கேட்பார் இல்லை. மாடி மாடியாகத் துண்டுகளைக் கையால் வழித்தெடுத்தேன். நிறவாரியாகப் பிரித்து, வாயை அழுத்தி மூடுகிற சிப்லொக் பைகளில் போட்டேன். நீலம், கடும் நீலம், இளம் பச்சை, சிவப்பு என்று ஒவ்வொரு பையிலும் எழுதி ஒட்டி, மேசையருகே சுவரோரமாக அடுக்கினேன். வெள்ளை மட்டையை நான்காக மடித்தேன். பெட்டிகளிலும் வாளிகளிலும் கிடந்த மிச்சத்தை, அடுத்த மூன்று நாளும் வந்தவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டே குசினியிலிருந்து பிரித்தேன். மொத்தம் நாற்பத்தாறு பைகள். ஆட்கள் போய்வந்து அழுதுகொண்டிருந்த அந்த வீட்டில் எனக்கு மட்டும் மனதுக்கு நன்றாக இருந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

அவர் இறந்த அன்று மாலை ஆஸ்பத்திரியிலிருந்து வந்த இனாயா வாசலில் நின்று மேசையைப் பார்த்தாள். துடைத்து மினுங்க வைத்திருந்தேன்.

"துப்பரவா இரிக்கி," என்றாள்.

போய் சோபாவில் இருந்தாள். அவ்வளவுதான்.

மறுநாள் அடக்கம் முடிந்தது. அவள் இத்தா இருக்கத் தொடங்கினாள். கணவன் இறந்தால் முஸ்லிம் பெண்கள் நான்கு மாதமும் பத்து நாளும் வெளியில் போகாமல் வீட்டோடு இருப்பார்கள். வேலையிலிருந்து வந்து, சமைத்ததில் கொஞ்சம் எடுத்துக்கொண்டு நான் தினமும் போவேன். அவள் அதே சோபாவில் அதே மூலையில் இருப்பாள். அழவில்லை. நான் கேட்டதற்குப் பதில் சொல்வாள், கொடுத்ததைச் சாப்பிடுவாள், உப்புக் கூடினாலும் சொல்லமாட்டாள். வீடு துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. எதுவும் அசையவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஸனா வந்துபோவாள்.

"உம்மா ஓகேயா அன்ரி? அழவே இல்ல. பட் வீடு நீட்டா வச்சிருக்கிறா. அது குட் சைன்தானே?"

நான் ஓமென்றேன். என்னுடைய வேலையை நானே எப்படிக் குறை சொல்வது?

பெப்ரவரியில் ஒரு நாள் நான் போனபோது இனாயா மேசைக்கு முன்னால் இருந்தாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நீலம் என்று எழுதின பையைத் திறந்து, உள்ளே பார்த்து, மூடினாள். கடும் நீலத்தைத் திறந்தாள். மூடினாள்.

"என்ன புள்ள தேடுறாய்?" என்று கேட்டேன்.

"நீலத்தத் தேடினா நீலந்தான் வருது," என்றாள். குறைசொல்கிற குரலில் இல்லை, மழை பெய்கிறது என்று சொல்கிற மாதிரித்தான் சொன்னாள். எனக்கு விளங்கவில்லை. நீலத்தைத் தேடினால் நீலம் வருவதற்காகத்தானே மூன்று நாள் முதுகு முறியப் பிரித்தேன்?

அவளே கொஞ்சம் கழித்துச் சொன்னாள். முந்தி ஒரு வாளிக்குள் நீலத்துக்குக் கைவிட்டால் முதலில் பூசணிக்காய் வருமாம். பிறகு யாருடைய ஜீன்ஸின் மூலையோ வருமாம். நீலம் வருவதற்கிடையில் அந்தப் பூசணிக்காய்தான் அந்த இடத்துக்குச் சரி என்று தெரிந்துவிடுமாம். "நான் ஒரு நாளும் தேடினத வெச்சதில்ல பரிமளக்கா," என்றாள். பையை மூடி, மற்றப் பைகளோடு வரிசையில் வைத்துவிட்டு சோபாவுக்குப் போனாள். அதன் பிறகு மேசைப் பக்கம் வரவேயில்லை.

அன்றைக்குத்தான் நான் செய்தது எனக்கு உறைத்தது. உறைத்தது என்றாலும் நெஞ்சு பதறவில்லை. என் கையால் ஒரு பாத்திரம் விழுந்து உடைந்துவிட்டது, இனி என்ன செய்வது என்பது மாதிரியான ஒரு மரத்த நினைப்பு. இரண்டு வருஷப் படம் போய்விட்டது, புதிதாகச் செய்யவும் அவளால் முடியவில்லை. "என்னில கோவமா?" என்று கேட்டுப் பார்த்தேன். "இல்ல, பரவால்ல," என்றாள். ஏசியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும்.

மார்ச்சில் ஒரு பின்னேரம் மேசையைத் துடைக்கும்போது பச்சைப் பை ஒன்று கீழே விழுந்து வாய் திறந்துகொண்டது. பொறுக்கக் குனிந்தேன். குப்புற விழுந்திருந்த துண்டொன்றின் முதுகில் பென்சிலால் எழுதியிருந்தது: 7-3-11. பிளையரில் எங்கே பார்த்தாலும் விலையும் இலக்கமும்தான், அதனால் வழித்தெடுத்த அன்றைக்கு நான் கவனிக்கவில்லை. ஆனால் இது கையெழுத்து. இன்னொன்றைப் புரட்டினேன். 7-3-12. மற்றொன்று, 4-8-2.

"இனாயா, இது என்ன?"

அவள் சோபாவிலிருந்தே பார்த்தாள். "அவர்ட எழுத்து," என்றாள்.

பிறகு மெதுவாகச் சொன்னாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் பல்கனிக் கதவு திறந்திருந்த நேரம் காற்றடித்து, முடியப்போன படமொன்று வீடு முழுக்கப் பறந்துவிட்டதாம். இவள் இரண்டு நாள் சாப்பிடவில்லையாம். பண்டகசாலையில் ஒவ்வொரு சாமானுக்கும் இடத்தின் இலக்கம் உண்டு, எந்த வரிசை, எந்தத் தட்டு, எந்தப் பெட்டி என்று. அஹமது நானா பென்சிலோடு வந்து மேசைக்கு முன்னால் இருந்து, இனி உன்னுடைய துண்டுகளுக்கும் இலக்கம் இருக்கும் என்றாராம். மாடி, பல்கனி, துண்டு. ஒவ்வொரு ஞாயிறும் மத்தியான லுஹர் தொழுதுவிட்டு வந்து, ஒவ்வொன்றாகப் புரட்டி எழுதி, திரும்ப அதே இடத்தில் வைப்பார்.

"நான் திங்கக்கிழமையே மாத்திருவன். மறுகா ஏசுவார். வெச்ச இடத்துல வெக்கத் தெரியாதா எண்டு. ஏசி ஏசி அழிச்சு எழுதுவார்."

நான் பச்சைத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். சுவருக்கு இந்தப் பக்கம் நின்று நான் தலையாட்டியதெல்லாம் இந்தச் சண்டைக்குத்தான். அந்த மனிதன் என் கட்சி என்று நினைத்திருந்தேன். அவர் என் கட்சியே இல்லை.

அன்றிலிருந்து நான் ஆளே மாறிவிட்டேன். நாற்பத்தாறு பைகளையும் திறந்து, ஒவ்வொரு துண்டாகப் புரட்டி, இலக்கம் உள்ளதை ஒரு பக்கம், இல்லாததை இன்னொரு பக்கம் வைத்தேன். டொலர் கடையில் மட்டை வாங்கி ஒட்டி, மேசை அளவுக்கு விரித்தேன். வேலை முடிந்து வந்து தினமும் இரண்டு மணித்தியாலம், ஞாயிற்றுக்கிழமை முழுநாள். ஆயிரத்தைந்நூறு துண்டுகளுக்கு மேல். எனக்குக் கண்ணாடி மாற்ற வேண்டிவந்தது. கழுத்துப் பிடித்துக்கொண்டது. இந்தப் படத்தை அவளுக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டால் அவள் எழும்பி வருவாள் என்று நம்பினேன். வேறு எதை நம்புவது?

இனாயா சோபாவிலிருந்து தஸ்பீஹ் மணிகளை உருட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருப்பாள். உதவிக்கு வரவில்லை, வேண்டாமென்று சொல்லவும் இல்லை. கீழ் மாடியிலிருந்து மேலே போனேன். ஒன்பதாம் மாடியில் நாலாவது பல்கனிக்கு வந்தபோது அது அவளுடையது என்று தெரிந்தது. தக்காளித் தகரப் பேணியின் சிவப்பில் ஒரு பூச்சட்டி, அரிசிப் பையின் வெள்ளையில் அஹமது நானா இடுப்பில் கட்டுகிற சாரம் காய்ந்தது. பக்கத்துப் பல்கனி என்னுடையது. கூட்டுகிற தும்புத்தடியும் தரை துடைக்கிற துடைப்பமும் நேராக, அளவெடுத்த மாதிரி நிறுத்தியிருந்தாள். வேறொன்றுமே இல்லை. நல்லாத்தான் என்னைப் பார்த்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

பன்னிரண்டாம் மாடி முடிந்து பதின்மூன்றாம் மாடிக்கு வந்தபோது ஒரு துண்டுகூட இல்லை. பதினாலுக்கு எல்லாம் இருந்தது. ஒரு முழு மாடியைத் தொலைத்துவிட்டேன் என்று நினைத்தேன். சோபாவைப் புரட்டினேன். தூசி உறிஞ்சுகிற வாக்குவம் மெஷினின் பையைப் பிரித்துப் பல்கனியில் கொட்டினேன். குசினித் தட்டுகளுக்கு அடியில் கடதாசியை உரித்துப் பார்த்தேன். இரண்டு நாள். பிறகு மனம் தளர்ந்து, பன்னிரண்டுக்கும் பதினாலுக்கும் நடுவில் ஒரு சாண் இடத்தை வெறுமையாக விட்டு வேலையைத் தொடர்ந்தேன்.

"பரிமளக்கா," என்றாள் இனாயா. நான் திரும்பினேன். "லிஃப்ட்ல பதின்மூணு எண்டு பட்டன் இரிக்கா?"

பதினொரு வருஷமாக அதில் ஏறி இறங்குகிறேன். பன்னிரண்டுக்கு அடுத்தது பதினாலு. இந்த ஊரில் நிறையக் கட்டிடங்கள் அப்படித்தான், பதின்மூன்று ராசியில்லையாம். அஹமது நானா எலிவேற்றரைப் பார்த்து ஒழுங்காக இலக்கம் போட்டிருக்கிறார். நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை என்றாலும் முகத்தில் ஏதோ அசைந்தது. அன்றிரவு எனக்கு நல்ல நித்திரை வந்தது.

மே மாதம் இத்தா முடிகிற நாளில் படமும் முடிந்தது. மத்தியானம் இரண்டு மணி. கடைசித் துண்டை வைத்துவிட்டு, "வந்து பார் புள்ள," என்றேன். இனாயா எழுந்து வந்து மேசையின் தலைப்பக்கம் நின்றாள். ஒவ்வொரு மாடியாகப் பார்த்தாள். பார்க்கவே நெடுநேரம் எடுத்தது. நான் பாராட்டுக்குக் காத்திருக்கிற பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி நின்றேன்.

"எல்லாம் இரிக்கி," என்றாள்.

"ஓம். ஒண்டும் குறையல்ல."

"ஒண்டு கேக்கட்டா பரிமளக்கா?" அவள் படத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அண்டைக்கு மௌத்தானது ஆரெண்டு நினைச்சிங்க?" இறந்தது யாரென்று கேட்கிறாள்.

எனக்கு விளங்கவில்லை.

"அவர்ட சப்பாத்து வாசல்ல கிடந்திச்சி. ஒரு காலுக்கு மட்டும் நூல் கட்டினபடி. நீங்க அதச் சுத்தித் துடைச்சிரிந்திங்க. அவர் குடிச்ச தேத்தண்ணிக் கப் அப்பிடியே இரிந்திச்சி. மருந்து, சட்டை, சேவ் எடுக்கிற சாமான், ஒண்டையும் நீங்க தொடல்ல. என்ட சாமானத்தான் பேக்ல போட்டு எழுதி ஒட்டிச் சுவரோட வெச்சிரிந்திங்க. வாசல்ல வந்து நிண்டு பாத்தன். நானும் போயிட்டன் போல எண்டு நினைச்சன். மறுகா பேசாம வந்து இரிந்திட்டன்."

குரல் உயரவில்லை. ஆனால் மேசை விளிம்பைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்துப்போயிருந்தன. பெப்ரவரியிலிருந்து அவளிடம் நான் எதிர்பார்த்திருந்த கோபம் அதுதான். வந்தபோது என்னால் தாங்க முடியவில்லை.

அவருடைய சாமான்களைத் தொடுவது என் உரிமையில்லை என்று விட்டதாகச் சொல்லப் பார்த்தேன். அது உண்மைதான். ஆனால் முழு உண்மை வேறு. "எனக்கு அண்டைக்கு நல்லா இருந்தது இனாயா," என்றேன். "உன்ட மேசைய ஒதுக்க எனக்கு எவ்வளவு நாள் ஆசை தெரியுமா."

"தெரியும்," என்றாள். மேசை விளிம்பை விட்டுவிட்டு, "இப்ப போய் அவர்ட சாமான எடுங்க. அது எனக்கு ஏலாது. உங்களுக்கு ஏலும்," என்றாள்.

படுக்கையறைக்குப் போனேன். சட்டைகளை மடித்தேன். மருந்துப் போத்தல்களை ஒரு பையில் போட்டேன். தொழுகைத் தொப்பிகள் ஐந்து, பண்டகசாலை அட்டை, பாதி தீர்ந்த பென்சில்கள் ஒரு கட்டு. என் கை தன்பாட்டில் வேலை செய்தது. மத்தியானத்துக்கு மிஞ்சிய கறியை என்ன செய்யலாம் என்றுகூட நினைத்தேன். மூன்று பைகள், நாற்பது நிமிடம். வெளியில் ஏதோ கொட்டுகிற சத்தம் கேட்டது. நான் நிறுத்தவில்லை.

பைகளோடு வெளியில் வந்தபோது தரையெல்லாம் கடதாசி. இலக்கமில்லாத துண்டுகள் இருந்த பைகளை எல்லாம் அவள் ஒரே குவியலாகக் கவிழ்த்திருந்தாள். நீலமும் பச்சையும் இறைச்சியும் விலைகளும் ஒன்றாகக் கிடந்தன. அவள் கையை முழங்கைவரை மடித்துவிட்டு மேசையில் குனிந்து நின்றாள். ஏழாம் மாடி இருந்த இடத்தில் இல்லை. மூன்றாம் மாடியின் சிவப்புக் கம்பளம் பதினொன்றுக்குப் போயிருந்தது. குவியலில் கைவிட்டு எடுத்த ஏதோ ஒரு மஞ்சள், என்னுடைய பல்கனியில் தும்புத்தடிக்குப் பக்கத்தில் சரிந்து கிடந்தது. அது அங்கே இருந்ததும் நான் பத்து வாரமாக அடுக்கிய கட்டிடத்தில் முதல் தடவையாக ஆள் இருக்கிற மாதிரி இருந்தது. அதை நான் மனதாரச் சொல்கிறேன்.

ஆனால் வாயில் வேறுதான் வந்தது. "என்ன புள்ள செய்யிறாய்? அஹமது நானா எழுதினதெல்லாம் பிழையாப்போகுமே."

"ஓம்," என்றாள்.

"ஏசுவார்."

"ஏசுவார். ஏசிப்போட்டுப் பென்சிலோட வந்து குந்துவார்." இன்னொரு துண்டை எடுத்தாள். நாலாம் மாடியிலிருந்து ஆறாம் மாடிக்கு நகர்த்தினாள். அங்கே அது நன்றாகத்தான் இருந்தது. பிறகு என்ன நினைத்தாளோ, அதைப் புரட்டி முதுகைப் பார்த்தாள். 4-8-2. வைத்த இடத்தைப் பார்த்தாள். திரும்பவும் இலக்கத்தைப் பார்த்தாள்.

"இத இனி ஆரு மாத்தி எழுதுற?" என்று கேட்டாள். என்னிடம் கேட்கவில்லை.

அப்படியே மேசைக் கதிரையில் உட்கார்ந்து அழத் தொடங்கினாள். ஜனவரியில் வர வேண்டிய அழுகை, சத்தமாக, மூச்சு வாங்கி வாங்கி வந்தது. நான் எழுதுகிறேன் என்று நாக்கு நுனிவரை வந்தது. சொல்லவில்லை. எனக்கும் அழுகை வந்தது. பைகளைக் கீழே வைத்துவிட்டு அவளுக்குப் பக்கத்தில் நின்றேன். காலடியில் கிடந்த எதையும் எடுக்கவில்லை.